திருடனுக்கும் குடிகாரனுக்கும் தர்மம் கொடுக்கலாமா?

4 மார்ச் 2025, வாசகர் ஒருவரின் கேள்வி (கடையநல்லூரிலிருந்து)

எங்கள் தெருவில் கொத்தனார் வேலைக்குப் போகிற ஒருவர் இருக்கிறார். கூலி வாங்கிய அன்று மாலையே மதுக்கடையில் நிற்பார். தொழுகை கிடையாது, நோன்பும் கிடையாது. ரமளான் பிறந்ததும் தொப்பி அணிந்துகொண்டு வீடு வீடாக ஸகாத் (வசதியுள்ளவர்கள் கட்டாயமாகக் கொடுக்க வேண்டிய தர்மம்) கேட்டு வருகிறார். பாவத்திலும் பகைமையிலும் ஒருவருக்கொருவர் துணைபோக வேண்டாம் என்று குர்ஆன் (5:2) சொல்லும்போது, இவருக்குக் கொடுப்பது அந்தத் துணைபோதலில் சேராதா? கொடுத்தால் என் ஸகாத் நிறைவேறுமா?

4 மார்ச், இரவு, ரமளான் இரவுத் தொழுகையான தராவீஹுக்குப் பின்

கொடுக்கலாம். புகாரி, முஸ்லிம் ஆகிய இரு ஹதீஸ் (நபிமொழி) தொகுப்புகளிலும் அபூஹுரைரா (ரலி) அறிவிக்கும் செய்தி ஒன்று இருக்கிறது. ஒரு மனிதர் இரவில் தர்மம் கொடுக்கக் கிளம்பினார். அது ஒரு திருடனின் கையில் போய்ச் சேர்ந்தது. விடிந்ததும் ஊரெல்லாம் அதே பேச்சு. மறுநாள் இரவு கொடுத்தது ஒரு விபசாரியின் கைக்கும், மூன்றாம் இரவு கொடுத்தது ஒரு பணக்காரரின் கைக்கும் போய்விட்டன. ஒவ்வொரு முறையும் அவர் இறைவனைப் புகழ்ந்துவிட்டு அடுத்த இரவும் கிளம்பினார். இறுதியில் அவருக்குச் சொல்லப்பட்டது: திருடன் அதைக்கொண்டு திருட்டை விடலாம், அந்தப் பெண் தன் தொழிலை விடலாம், பணக்காரர் பாடம் பெற்றுத் தாமும் செலவிடத் தொடங்கலாம்.

திருநெல்வேலி மேலப்பாளையத்தில் எங்கள் முஹல்லாவின் (பள்ளிவாசலைச் சார்ந்த குடியிருப்பின்) பைத்துல்மால் எனும் பொதுநிதிக் கணக்கைப் 14 ஆண்டுகளாக நான் எழுதிவருகிறேன். ஆண்டுதோறும் ரமளானின் முதல் வாரத்தில் இந்தக் கேள்வி வரும். நானும் ஆண்டுதோறும் இந்த ஹதீஸைச் சொல்லி முடித்துவிடுவேன்.

5 மார்ச், சஹர் உணவுக்குப் பின்

நேற்று எழுதியதில் அவசரம் இருக்கிறது. படுத்த பிறகுதான் அது உறைத்தது.

அந்த மனிதருக்குத் தாம் யாருக்குக் கொடுக்கிறோம் என்பது தெரியாது. இருட்டில் கொடுத்தார், விடிந்தபின் ஊரார் சொல்லி அறிந்துகொண்டார். இமாம் புகாரியும் இந்தச் செய்தியை, அறியாமல் செல்வந்தருக்குக் கொடுத்துவிட்டவர் என்கிற தலைப்பின்கீழ்தான் வைத்திருக்கிறார். கேள்வி கேட்டவருக்கோ அந்தக் கொத்தனார் எந்தக் கடையில், எத்தனை மணிக்கு நிற்பார் என்பது வரை தெரிந்திருக்கிறது. அறியாமல் கொடுத்தவரின் சான்றை அறிந்து கொடுப்பவருக்கு அப்படியே தூக்கிக் கொடுத்தது என் பிழை.

இரண்டாவதாக, அவர் கேட்டது ஸகாத்தைப் பற்றி. விரும்பிக் கொடுக்கும் ஸதகாவுக்கு வாசல் அகலம். ஸகாத்துக்கு 9:60 வசனம் எட்டு வகையினரைக் குறித்துவிட்டது. ஏழைகள், வறியவர்கள், வசூலிக்கும் ஊழியர்கள், உள்ளங்கள் இணக்கப்பட வேண்டியவர்கள், அடிமைத்தளையில் இருப்பவர்கள், கடனாளிகள், இறைவழியில் இருப்பவர்கள், வழிப்போக்கர்கள். 'நல்லவர்கள்' என்று ஒரு வகை இந்தப் பட்டியலில் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். விசாரித்து, ஏழை என்று நம்பிக் கொடுத்தபின் வாங்கியவர் செல்வந்தர் என்று தெரியவந்தால் ஸகாத்தை மீண்டும் ஒருமுறை கொடுக்க வேண்டியதில்லை என்பது இமாம் அபூஹனீஃபாவின் கருத்து; மீண்டும் கொடுக்க வேண்டும் என்கிறார் அவருடைய மாணவரான அபூயூசுஃப். ஆசிரியரும் மாணவரும் வாதாடுவது வாங்குபவரின் பணப்பையைப் பற்றித்தான். அவருடைய நடத்தை அங்கே பேச்சாகவில்லை.

ஆனால் நடத்தைக்கு இடமே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. பாவமான காரியத்துக்காகப் பட்ட கடனை அடைக்கவும், பாவத்துக்காகப் புறப்பட்ட பயணத்தின் செலவுக்கும், அவர் மனம் வருந்தித் திரும்பும்வரை ஸகாத் கொடுக்கக்கூடாது என்று ஷாஃபிஈ சட்டப்பிரிவின் நூல்களில் இருக்கிறது. கையில் கொடுக்கும் காசு நேராகப் பாவத்துக்குத்தான் போகும் என்று உறுதியாகத் தெரிந்தால் அந்தக் கையில் காசாகக் கொடுக்க வேண்டாம் என்று சொன்ன அறிஞர்களும் உண்டு. ஆக, கொத்தனார் குடிக்கிறார் என்பதற்காக அவர் வீட்டுப் பசி தள்ளுபடி ஆகாது. குடித்த கணக்கை அடைக்கக் கேட்டால் அது வேறு.

7 மார்ச், வெள்ளிக்கிழமை

சட்டம் பேசுவது எளிது. நான் என்ன செய்தேன் என்பதையும் எழுதிவிடுகிறேன்.

2022ஆம் ஆண்டின் இறுதியில், எங்கள் பள்ளிவாசலில் தொழுகைக்கு முன் கை கால் கழுவும் தொட்டியான ஹவுளுக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டாரை ஓர் இரவில் ஒருவன் கழற்றிக் கொண்டுபோய்ப் பழைய இரும்புக் கடையில் போட்டுவிட்டான். வெளியூர்க்காரன் அல்லன், எங்கள் தெருவிலேயே பிறந்து வளர்ந்தவன். முன்பு தறி வேலைக்குப் போய்க்கொண்டிருந்தான். தறி நின்றபின் எந்த வேலையிலும் நிலைக்கவில்லை. மூன்று நாள் நாங்கள் வாளியில் தண்ணீர் சுமந்து உளூச் செய்தோம். முழங்கால் வலியோடு படியேறி வந்த முதியவர்கள் தொழுகைக்கு முன் இவனைத் திட்டிவிட்டுத்தான் கை கழுவினார்கள். பிடிபட்டான், வழக்குப் போட்டோம், பாளையங்கோட்டைச் சிறையில் சில வாரங்கள் இருந்துவிட்டு வந்தான்.

அடுத்த ரமளானுக்கு அரிசிப் பட்டியல் எழுத உட்கார்ந்தபோது அவன் பெயரின்மேல் சிவப்பு மையால் கோடு போட்டவன் நான். நிர்வாகத்தில் எவரும் அப்படிச் செய்யச் சொல்லவில்லை. போட்டபின் ஏன் என்றும் எவரும் கேட்கவில்லை. அவன் மனைவி பீடி சுற்றுகிறாள், மூன்று பிள்ளைகள். கோடு போட்டபோது அவர்கள் என் கண்ணில் படவே இல்லை, மோட்டார் மட்டும்தான் தெரிந்தது.

வீட்டுக்கு வந்து இதைப் பெருமையாகச் சொன்னேன். உம்மா எதுவும் பேசவில்லை. மாலையில் பார்த்தால் எங்கள் வீட்டு அரிசியில் ஒரு பங்கை அளந்து பையில் கட்டி அந்த வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். "திருடுனவனுக்கா அனுப்புறீக?" என்று கேட்டேன். "திருடுனவனுக்குன்னு யாரு சொன்னா? சோறு திங்கிறவுகளுக்கு அனுப்புனேன்" என்றார்கள்.

7 மார்ச், மாலை

காலையில் எழுதியதைப் படித்த ஒருவர் நறுக்கென்று கேட்டிருக்கிறார்: மோட்டாரைத் திருடியவரை 'அவன்' என்றும், அவருடைய மனைவியை 'பீடி சுற்றுகிறாள்' என்றும் எழுதுகிறீர்களே, அந்தப் பெண் எதைத் திருடினார்?

பதில் இல்லை. மேலே எழுதியதைத் திருத்தாமல் அப்படியே விடுகிறேன், என் புத்தி எங்கே நின்றது என்பதற்கு அது சாட்சியாக இருக்கட்டும். இனி 'அவர்' என்று எழுதுகிறேன்.

மது அருந்திய ஒருவர் நபியவர்களிடம் (ஸல்) கொண்டுவரப்பட்டு அடிக்கப்பட்ட செய்தி புகாரியில் இருக்கிறது. அடி முடிந்து அவர் போகும்போது, அல்லாஹ் உன்னை இழிவுபடுத்தட்டும் என்று கூட்டத்தில் ஒருவர் சொன்னார். அப்படிச் சொல்லி அவருக்கு எதிராக ஷைத்தானுக்கு உதவாதீர்கள் என்று நபியவர்கள் தடுத்தார்கள். அடியை நிறுத்தவில்லை, ஆனால் வசவை நிறுத்தினார்கள். எங்கள் முஹல்லாவில் நாங்கள் செய்தது இதற்கு நேர்மாறு; தண்டனையைக் காவல்துறையிடம் விட்டுவிட்டு வசவை மட்டும் எங்களிடம் வைத்துக்கொண்டோம்.

11 மார்ச்

அறிந்தே கொடுப்பதற்குச் சான்று உண்டா என்று இருவர் கேட்டிருக்கிறார்கள். உண்டு, அதை முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும். மிஸ்தஹ் இப்னு உஸாஸா.

இவர் நபித்தோழர் அபூபக்ர் (ரலி) அவர்களின் உறவினர், ஏழை, மக்காவைத் துறந்து வந்தவர், பத்ர் போரில் கலந்துகொண்டவர். இவருடைய செலவுக்கு அபூபக்ர் கொடுத்துவந்தார்கள். அபூபக்ரின் மகளும் நபியவர்களின் மனைவியுமான அன்னை ஆயிஷாவின்மீது அவதூறு பரவியபோது அதைப் பரப்பியவர்களில் இவரும் ஒருவர். யார் வீட்டுக் காசில் சாப்பிட்டாரோ அந்த வீட்டு மகளைப் பற்றியே பேசியிருக்கிறார். இனி இவருக்கு ஒன்றும் கொடுக்க மாட்டேன் என்று அபூபக்ர் சத்தியம் செய்தார்கள். எந்தத் தகப்பன்தான் செய்யமாட்டான்? அப்போதுதான் குர்ஆனின் 24:22 வசனம் இறங்கியது: உங்களில் வசதியும் சிறப்பும் உடையவர்கள் உறவினருக்கும் ஏழைகளுக்கும் அல்லாஹ்வின் பாதையில் நாடு துறந்தவர்களுக்கும் கொடுப்பதில்லை என்று சத்தியம் செய்ய வேண்டாம்; மன்னித்துப் பொருட்படுத்தாமல் விடட்டும்; அல்லாஹ் உங்களை மன்னிப்பதை நீங்கள் விரும்பமாட்டீர்களா? விரும்புகிறேன் என்று சொல்லி, நிறுத்திய உதவியை அபூபக்ர் மீண்டும் தொடங்கினார்கள்.

இதில் நான் வெகுநாள் கவனியாமல் போன ஒன்று: அவதூறு சொன்னதற்கான தண்டனை மிஸ்தஹுக்கு நிறைவேற்றப்பட்டதாகவும் அறிவிப்பு இருக்கிறது. சாட்டையடியும் விழுந்தது, உதவியும் தொடர்ந்தது. ஒன்றுக்காக மற்றொன்று கழிக்கப்படவில்லை. எங்கள் மோட்டார்க்காரர் சிறைக்குப் போய் வந்தார், அதோடு அந்தக் கணக்கு தீர்ந்தது. நான் சிவப்பு மையில் போட்ட கோடு இரண்டாவது தண்டனை. அதை விதிக்க எனக்கு அதிகாரம் கொடுத்தவர் எவருமில்லை.

12 மார்ச்

சிறு குறிப்பு. திருடன், விபசாரி, பணக்காரர் ஆகிய மூவரில் முதல் இருவரைப் பற்றியே நாம் இத்தனை நாளாகப் பேசிக்கொண்டிருக்கிறோம். மூன்றாமவருக்குப் போய்ச் சேர்ந்ததையும் ஊரார் விடிந்ததும் அதேபோலப் பேசினார்கள் என்பதை எவரும் நினைவில் வைப்பதில்லை. எங்கள் பள்ளிவாசலில் மாலைத் தொழுகையான அஸருக்குப் பின் நோன்புக் கஞ்சி ஊற்றும்போது வரிசையில் இருப்பதிலேயே பெரிய தூக்குவாளி, இரண்டு மாடி வீட்டுக்காரர் ஒருவருடையது. கஞ்சி எல்லாருக்கும் பொது, அதில் குற்றம் இல்லை. ஆனாலும் அந்த வாளி நிறைய எத்தனை கரண்டி ஆகிறது என்பதை நானே எண்ணியிருக்கிறேன். அவர் பாடம் பெறுவார் என்று 14 ஆண்டுகளாகக் காத்திருக்கிறேன்.

16 மார்ச்

காசாகக் கொடுத்தால்தானே குடிப்பார், அரிசியாகக் கொடுத்துவிடுங்கள் என்று பலரும் யோசனை சொல்கிறார்கள். நானும் இந்தக் கட்சியில்தான் இருந்தேன். இப்போது முழுமையாக இல்லை.

சில ஆண்டுகளுக்கு முன், குடிப்பழக்கம் உள்ள வேறொருவரின் வீட்டுக்கு நாங்கள் கொடுத்த 10 கிலோ அரிசிப் பை, வாய்த் தையல்கூடப் பிரியாமல் மறுநாள் மளிகைக் கடையில் விற்பனைக்கு இருந்தது. ஆத்திரத்தோடு அந்த வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்த பெண்மணி, ரேஷனில் அரிசி விலையில்லாமல் கிடைக்கிறது, அதைத்தான் பொங்குகிறோம், எரிவாயு உருளை தீர்ந்து ஐந்து நாளாகிறது, அதற்காகத்தான் விற்றேன் என்றார். அடுப்பில் விறகு புகைந்துகொண்டிருந்தது. அரிசி இருந்த வீட்டுக்கு அரிசியைக் கொடுத்துவிட்டு, அதை விற்றுவிட்டார்கள் என்று நான் குற்றம் கண்டிருக்கிறேன். பொருளாகக் கொடுப்பது நல்ல வழிதான், ஆனால் என்ன பொருள் என்று அந்த வீட்டாரிடம் கேட்ட பிறகு. இப்போது சில வீடுகளுக்கு உருளைக்கான பணத்தை முகவரிடமும், பள்ளிக் கட்டணத்தைப் பள்ளியிலும் நேரடியாகச் செலுத்துகிறோம். கடையநல்லூர் நண்பருக்கும் இதையே சொல்வேன். கொத்தனாரின் கையில் கொடுக்கத் தயக்கமாக இருந்தால் அவருடைய மனைவியின் கையில் கொடுங்கள், அவர் வறியவர் என்பதில் உங்களுக்கே ஐயம் இல்லையே.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையை நம் பக்கத்தில் எவரும் மறந்திருக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் கொட்டியது. தாமிரபரணி கரையை மீறியது. ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோன ரயிலில் 800 பயணிகள் அளவில் சிக்கியிருந்தார்கள், பக்கத்துப் புதுக்குடி மக்கள் தங்கள் வீட்டில் இருந்ததைச் சமைத்துக் கொடுத்தார்கள். எங்கள் பள்ளிவாசலிலும் அடுப்பு மூட்டினோம். பாளையங்கால்வாயை ஒட்டிய வீடுகளிலிருந்து நனைந்த துணியோடு வந்தவர்களுக்கு நான் சோறு வைத்துக்கொண்டிருந்தேன். மோட்டார்க்காரரும் தட்டோடு வந்தார், வைத்தேன். இரண்டாம் முறை வந்தபோதும் வைத்தேன். யார் என்றுகூட அப்போது தோன்றவில்லை.

மூன்று மாதம் கழித்து 2024 ரமளான் வந்தது. பழைய பட்டியலைப் பார்த்துப் புதிதாக எழுதும்போது அவர் பெயரை மறுபடியும் விட்டுவிட்டேன். வெள்ளத்தில் சோறு வைத்த கையும் அந்தக் கையும் ஒன்றுதான்.

22 மார்ச்

கடனாளிகளைப் பற்றி ஒருவர் எழுதியிருப்பது நம் மாவட்டத்துக்கு மிகவும் பொருந்துவது. வட்டிக்கு வாங்குவது மார்க்கத்தில் பாவம். ஆகவே வட்டிக் கடனில் சிக்கியவர் பாவத்துக்காகக் கடன்பட்டவர், அவருக்கு ஸகாத் இல்லை என்று அவருடைய ஊர் நிர்வாகம் சொல்லிவிட்டதாம்.

எனக்கு இது ஏற்புடையதாகத் தோன்றவில்லை. கடன் எதற்காக வாங்கப்பட்டது என்பதும், அது எந்த முறையில் வாங்கப்பட்டது என்பதும் வேறு வேறு. மருத்துவமனைச் செலவுக்கு வழியில்லாமல் கந்துவட்டிக்காரரின் வாசலில் போய் நின்றவரின் தேவை மருத்துவம், சூதாட்டம் அல்ல. இனி வட்டிக்குப் போவதில்லை என்று அவர் உறுதி சொன்னால், அசலை அடைக்க உதவலாம் என்று எங்கள் மார்க்க அறிஞரான ஆலிம்ஷா ஒருவர் தீர்ப்பளித்தார், அப்படியே செய்திருக்கிறோம். தமிழ்நாட்டில் கந்துவட்டியைத் தடைசெய்யும் சட்டம் 2003ஆம் ஆண்டிலேயே வந்துவிட்டது. ஆனால் நெல்லைச் சீமையில் அதன் கொடுமை எதுவரை போகும் என்பதை நான் எழுதித் தெரிய வேண்டியதில்லை.

இங்கே ஒரு வெட்கக்கேட்டையும் சொல்லிவிடுகிறேன். நான் மோட்டார்க்காரரின் பெயரை அடித்த அதே ஆண்டு, வட்டிக்கு விடுபவர் என்று தெருவே அறிந்த ஒருவர் கஞ்சிக்கு ஐந்து மூட்டை அரிசி கொடுத்தார். அதற்கு ரசீது எழுதியவனும் நான்தான். அல்லாஹ் தூய்மையானவன், தூய்மையானதைத் தவிர வேறெதையும் ஏற்பதில்லை என்கிற ஹதீஸ் முஸ்லிமில் இருக்கிறது. அது அன்று எங்களில் எவருக்கும் நினைவுக்கு வரவில்லை. வாங்குகிற தவறாளியைத் துருவித் துருவி விசாரிக்கிறோம். கொடுக்கிற தவறாளிக்கு நாற்காலி போடுகிறோம்.

24 மார்ச்

இறையச்சமுடையவரைத் தவிர வேறெவரும் உன் உணவை உண்ண வேண்டாம் என்று அபூதாவூதிலும் திர்மிதியிலும் வரும் ஹதீஸை ஒருவர் எனக்கு எதிராக எடுத்துவைத்திருக்கிறார். நியாயமான ஆட்சேபம்தான். இமாம் கத்தாபி இதற்குக் கொடுத்திருக்கும் விளக்கம் எனக்குப் போதுமானதாக இருக்கிறது: இது விருந்துக்கு அழைத்து உறவாடும் உணவைப் பற்றியது, பசிக்குக் கொடுக்கும் உணவைப் பற்றியது அன்று. ஏழைக்கும் அநாதைக்கும் சிறைப்பட்டவருக்கும் உணவளிப்பவர்களை 76:8 வசனம் புகழ்கிறது. அன்றைய சிறைக்கைதி என்பவர் எதிரிப் படையிலிருந்து பிடிபட்டவர், இறையச்சத்துக்குச் சான்றிதழ் பெற்றவர் அல்லர்.

எனவே மோட்டார்க்காரரை என் மகளின் திருமணப் பந்தியில் என் பக்கத்தில் உட்காரவைக்க வேண்டிய கடமை எனக்கு இல்லை. அந்த அளவுக்கு என் மனம் இன்னும் விரியவும் இல்லை. ஆனால் அவர் வீட்டு உலை என் மனத்தின் அகலத்தைப் பொறுத்துக் கொதிக்கக் கூடாது.

26 மார்ச்

யார் கேட்டாலும் கொடுத்துக்கொண்டே இருந்தால் ஏமாற்றுபவர்கள் பெருகமாட்டார்களா என்கிறார் ஒருவர். பெருகுவார்கள். ரமளானில் வெளியூர் ரசீதுப் புத்தகத்தோடு வருபவர்களில் பாதிப் பேரின் மதரஸாவைத் தேடிப் பார்த்தால் அங்கே ஒரு புளியமரம்தான் நிற்கும் என்று, பாங்கு சொல்லும் எங்கள் மோதினார் சொல்வார். பொருளைப் பெருக்கிக்கொள்வதற்காகக் கேட்பவர் நெருப்புக் கங்கைக் கேட்கிறார் என்று ஹதீஸ் எச்சரிக்கிறது. வறுமையில் விழுந்தவருக்காக அவருடைய கூட்டத்தில் விவரமறிந்த மூவர் சாட்சி சொல்லட்டும் என்றும் இன்னொரு ஹதீஸ் இருக்கிறது. நம் ஊர்களில் ஜமாஅத் கடிதம் கேட்பது ஏறத்தாழ அந்த வேலையைத்தான் செய்கிறது. விசாரிக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அந்த மூவரிடம் கேட்கப்படுவது இவர் வறுமைப்பட்டிருக்கிறாரா என்பது. அவர் எத்தனை வேளை தொழுகிறார் என்று அங்கே கேட்கப்படவில்லை. (தொழாதவருக்கு ஸகாத் கொடுக்கக் கூடாது என்ற கடுமையான கருத்தும் அறிஞர்களிடையே உண்டு. அதை மறைக்கவில்லை, நான் அதன்படி நடக்கவில்லை.)

29 மார்ச்

நிர்வாகக் கூட்டத்தில் பேசினேன். மோட்டார் விலையை முதலில் அவர் திருப்பித் தரட்டும் என்றார் ஒருவர். அது நியாயமான கோரிக்கை, ஆனால் அதைக் கேட்க வேண்டிய இடம் அரிசிப் பட்டியல் அன்று என்றேன். அவருடைய மனைவியின் பெயரில் எழுதலாமே என்றார் மற்றொருவர். எனக்கும் அது வசதியாகவே பட்டது. சற்று யோசித்தபின், மற்ற வீடுகளுக்கெல்லாம் குடும்பத் தலைவர் பெயரில் இருக்கும்போது இந்த ஒரு வீட்டுக்கு மட்டும் மாற்றினால் பட்டியலைப் படிப்பவர் எவரும் காரணம் கேட்பார்கள், கோடு வேறு நிறத்தில் தொடரும், அவ்வளவுதான் என்று தோன்றியது. அவர் பெயரிலேயே எழுதினேன், 41ஆம் எண். எரிவாயு உருளைக்கான பணமும் சேர்த்து.

2 ஏப்ரல்

பெருநாள் முடிந்தது. கடையநல்லூர் நண்பர் கொத்தனாரின் மனைவியிடம் கொடுத்துவிட்டாராம். கொடுத்த அன்றே கொத்தனார் குடித்துவிட்டுத் தெருவில் கிடந்தார், ஆனால் அது தம்முடைய காசில் அல்ல என்று கணக்குப் போட்டு எழுதியிருக்கிறார். இப்படிக் கணக்குப் போடுகிற பழக்கம் அவருக்கும் எனக்கும் ஒன்றுபோல இருக்கிறது.

9 ஏப்ரல்

மோட்டார்க்காரர் அரிசி வாங்க வந்தாரா என்று மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள். அவர் வரவில்லை. பெருநாளுக்கு இரண்டு நாள் முன்பு மூத்த மகனை அனுப்பினார். பத்து வயது இருக்கும். பையை வாங்கித் தோளில் வைத்துப் பார்த்துவிட்டு, தூக்க முடியும் என்று அவனே சொன்னான். பதிவேட்டில் 41ஆம் எண்ணுக்கு நேரே கையெழுத்துப் போடச் சொன்னேன். தன் பெயரை எழுதவா, வாப்பா பெயரை எழுதவா என்று கேட்டான். வாப்பா பெயரையே எழுது என்றேன். தலையெழுத்தோடு, எழுத்துக்கூட்டி, கட்டத்துக்கு வெளியே போகாமல் எழுதினான்.